நோபுவுக்கு வைத்த சோறு

கயோவை முதுகை வைத்தே எனக்கு அடையாளம் தெரியும். கியோத்தோ ஸ்டூடியோவில் நான் டோப்பா கட்டிவிடுகிறவள். ஆளுக்குப் பின்னால் நிற்பதுதான் எங்கள் வேலை. அவளுக்குத் தலையில் இரட்டைச் சுழி. எந்த டோப்பாவை வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் சாய்ந்துவிடும். கூடுதலாக ஒரு கொண்டை ஊசி செருகி, "அசையாதடி" என்று உச்சியில் தட்டி அனுப்புவேன்.

படம் பார்த்த ஜனங்களும் அவளை அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்தார்கள். மழையில் குடையோடு பாலம் கடந்து போகிறவள், பிரபு வீட்டில் தட்டை வைத்துவிட்டுத் திரும்புகிறவள், தீப்பிடித்த தெருவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள். எல்லாமே முதுகு.

மினாசே கயோ என்பது கம்பெனி வைத்த பெயர். பெற்றவள் வைத்தது நோபு. ஊர் இனே, வடக்குக் கடலோரம். அங்கே வீட்டின் கீழ்த்தளத்தில் படகு நிற்கும், மேல்தளத்தில் மனிதர்கள் இருப்பார்கள். போர் முடிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. புதுமுகம் தேவை என்று கம்பெனி போட்டி வைத்தபோது, பக்கத்து டவுன் மியாஸுவில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, தேர்வாகிவிட்டாள். அப்பா கடலில் போய்ச் சேர்ந்தவர். வீட்டில் அண்ணன் தமெகிச்சி வைத்ததுதான் சட்டம்.

"கூத்தாடப் போறவளுக்கு இந்த வீட்ல பாய் கெடையாது" என்று அவன் குதித்தானாம்.

"பாய் என்னுது. நீ ஒண்ணும் முடையல" என்றாளாம் அம்மா இஸோ.

பிறகு மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "போயிட்டு வா. ஆனா ஒண்ணு. எனக்குக் கண்ணு மட்டம்னு ஒனக்கே தெரியும். கூட்டத்துல ஒரு ஆளா வந்தா எனக்குத் தெரியாது. ஒன் மூஞ்சி திரை முழுக்க ஒரே ஒரு தடவ வரணும். முன் வரிசைல ஒக்காந்து நான் பாக்கணும். அதுக்கப்புறம் நீ எந்தக் கழுதையக் கட்டிக்கிட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றிருக்கிறாள். மகளிடம் சொன்னதோடு நிற்கவில்லை. கணவாய் காயப்போடும் இடத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். "பாத்துக்கிட்டே இருங்க. எம் பொண்ணு மூஞ்சி நம்ம படகு அகலத்துக்கு வரும்."

இதையெல்லாம் கயோ வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னாள். மற்றப் பெண்கள் கதாநாயகி ஆகவேண்டும், பணக்காரனைக் கட்டவேண்டும் என்று வந்தவர்கள். இவளுக்கு ஒரு க்ளோசப் போதும். இவ்வளவு சின்ன ஆசை சீக்கிரம் நடந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பெயர் போடாத நடிகர்களுக்கெல்லாம் எங்கள் ஸ்டூடியோவில் ஒரே அறை. பெரிய அறை என்று பெயர். நட்சத்திரங்களுக்குத் தனித்தனி அறையும் கதவில் பெயரும் இருக்கும். இங்கே கணப்பைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் சாத்துக்குடி உரித்துக்கொண்டு, கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு காத்திருப்பார்கள். சாயங்காலமே வந்தாலும் ஸ்டூடியோவில் "காலை வணக்கம்" என்றுதான் சொல்லவேண்டும். உதவி இயக்குநன் ஒருவன் கதவைத் திறந்து, கறிக்கடையில் கேட்பதுபோலக் கேட்பான்.

"நாலு பொம்பள, ரெண்டு பொணம்! சீக்கிரம்!"

"பொணத்துக்கு நான் போறேன்ப்பா, கால் வலிக்குது" என்று எழுந்திருப்பாள் ரின். வாய்த்துடுக்கு, ஆனால் நல்ல மனசுக்காரி. "கயோ, நீயும் வாயேன். படுத்துக்கிட்டே சம்பளம்."

"பொணத்துக்கு மூஞ்சி தெரியுமா?"

"குப்புறப் படுக்கணுமாம்."

"அப்ப வேண்டாம்."

"அடி இவளே! பொணத்துலயும் மூஞ்சி கேக்குறா பாரு."

தமெகிச்சி வருஷத்துக்கு ஒரு தடவை கருவாட்டு மூட்டையோடு கியோத்தோ சந்தைக்கு வருவான். திரும்பும்போது ஸ்டூடியோ வாசலில் நின்று தங்கையைக் கூப்பிட்டு விடுவான். உள்ளே வரமாட்டான். காய்ந்த கணவாய்ப் பொட்டலத்தை நீட்டியபடியே விசாரணை நடக்கும்.

"அம்மா கேக்கச் சொன்னா. போன படத்துல எது நீ? வெளக்குத் தூக்கிட்டு வந்தாளே, அவளா?"

"இல்லண்ணே. அவளுக்குப் பின்னாடி."

"பின்னாடி ஒரு நாய்தானே இருந்துச்சு."

"நாய்க்குப் பின்னாடி."

"அம்மா கிட்ட வெளக்குக்காரின்னே சொல்லிடறேன்" என்பான்.

"வேண்டாண்ணே. பொய் சொன்னா அப்புறம் நெஜமா வரப்ப நம்ப மாட்டா."

அந்த நிஜமும் ஒரு நாள் வந்தது. பழங்காலக் கதை எடுப்பதில் பெயர் வாங்கிய ஓர் இயக்குநர் பெரிய அறைக்கே வந்து, வரிசையாக உட்காரவைத்துப் பார்த்து, கயோவின் முகவாயைப் பிடித்துத் தூக்கி, "இது" என்றார். ஒரு போர்வீரனின் மனைவி வேஷம். புருஷன் செத்துவிட்டான் என்று அவனுடைய தலைமுடிக் கற்றையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அழமாட்டாள். "காலையில சாப்பிடாமப் போனாரே" என்று ஒரு வரி மட்டும் சொல்வாள். அந்த வரிக்கு முகம் திரை முழுக்க.

அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டு புருவத்தை எடுத்துவிடுவார்கள். மற்ற படங்களில் புருவத்தின் மேல் மெழுகு தேய்த்து மூடிவிடுவோம். இந்த இயக்குநருக்கு மெழுகு ஆகாது, தோல் தெரியவேண்டும். மழித்துவிட்டால் போதும், மாசத்தில் முளைத்துவிடும் என்று நான் கத்தியோடு போனேன்.

"மழிச்சா நீலம் பாரிக்கும் அக்கா. பெருசா காட்டறப்ப தெரியும்."

"பவுடர் போட்டா தெரியாதுடி."

"திரை முழுக்க வருது அக்கா. எதுவும் தெரியக்கூடாது."

மறுநாள் அவள் வந்தபோது நெற்றி வீங்கிச் சிவந்திருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு மயிராக வேரோடு பிடுங்கி எடுத்திருந்தாள். சாதாரணப் புருவமும் இல்லை அது. மூக்குப் பக்கம் அடர்ந்து, நடுவில் லேசாக வளைந்து, நுனியில் கீழே சரியும். அவள் அப்பா வீட்டுப் புருவம் அது.

"பைத்தியக்காரி. திரும்ப முளைக்கலன்னா?"

"முளைக்காட்டி நீ வரைஞ்சு வுடு" என்று சிரித்தாள். பல்லெல்லாம் கறுப்பு.

ஷாட் நன்றாகத்தான் வந்தது. அவள் அந்த வரியைச் சொன்னபோது செட்டில் லைட்டுக்காரர்கள்கூட அசையவில்லை. இயக்குநர் தலையை ஆட்டினார், அவர் தலையாட்டுவது அபூர்வம். படம் வெளிவரும் நாளை ஊருக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு வாரமும் பெரிய அறையில் எல்லோருக்கும் அவள் செலவில் பயறு இனிப்புப் பலகாரம். ரின், "இனிமே எங்ககூட பேசுவியா அம்மா?" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கிண்டல் செய்தாள்.

படம் வெளியாகி நாலைந்து நாள் கழித்து தமெகிச்சி வாசலில் நின்றான். கையில் கணவாய்ப் பொட்டலம் இல்லை.

"ஊரே வந்துச்சு. கூட்டுறவுப் படகுல ஏத்திக்கிட்டுப் போனோம். பள்ளிக்கூட வாத்தியார்கூட வந்தாரு. கடைசி வரைக்கும் நீ வரல."

"இல்லண்ணே, புருஷன் முடியக் கொண்டாந்து குடுக்கற எடத்துல..."

"முடியும் வரல, மண்ணும் வரல. சண்டை போடறான், மலை தெரியுது, படம் முடிஞ்சிருச்சு."

கயோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் தெரியும். படம் நீளம் என்று கம்பெனியில் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். பெரிய அறைக்காரிக்கு அதையெல்லாம் சொல்லியனுப்புகிற வழக்கம் கிடையாது.

"அம்மா என்ன சொன்னா?"

"அவளுக்கென்ன, வெளில வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'நான் பாத்தேன், நீங்கள்லாம் தூங்கிட்டீங்க'ன்னா. வழியெல்லாம் ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம் மெதுவாக் கேக்கறா, 'தமே, நான் கண்ண சிமிட்டின நேரத்துல வந்துட்டுப் போயிருக்குமோ?'ன்னு." முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினான். "ஒன் மூஞ்சி வந்தப்புறம் ஊருக்கு வா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் வராத. அவள இன்னொரு தடவ சிரிக்கவிட மாட்டேன்."

அன்றைக்கு அவனும் தங்கையின் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டான். நெற்றியில் துணி கட்டியிருந்தாள்.

புருவம் திரும்ப முளைக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது, நின்றுவிட்டது. விளக்கெண்ணெய் தேய்த்தாள், கடற்பாசி அரைத்துப் பூசினாள், கோயில் கோயிலாகப் போய் நீர் வாங்கித் தடவினாள். ஸ்டூடியோவில் இந்தக் காலத்துக் கதைகள் எடுக்க ஆரம்பித்தார்கள், ஆபீஸ் பெண்கள், பஸ் கண்டக்டர்கள் என்று. புருவம் இல்லாதவளை அதில் எங்கே நிறுத்துவது? வரைந்தால் தூரத்துக்குச் சரி, பக்கத்தில் காமிரா வந்தால் விளக்குச் சூட்டில் மை பளபளக்கும். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பழங்காலத்துக் கிழவிகள், பேய்கள், பிணங்கள். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், ஒருவர் ஆளை இன்னொருவர் எடுப்பதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள்.

லைட்டுப் போடுகிற ஒருத்தன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ரொம்ப நாள் சுற்றிவந்தான். "அம்மாவுக்கு ஒரு தடவ காட்டிட்டு வந்து பேசறேன்" என்பாள். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ரின்னைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு ரின்னுக்குக் கொண்டை கட்டியது நான், ஊசி எடுத்துக் கொடுத்தது கயோ.

"கோவமாடி?" என்று ரின் கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"ஆமா. ஒன் தல இவ்ளோ பெருசு, ஊசி பத்தல" என்றாள் கயோ.

ஊருக்கு அவள் போகவே இல்லை. புத்தாண்டுக்குப் பலகாரமும் குளிருக்குக் கம்பளியும் அனுப்புவாள். சினிமாக் கொட்டகைகள் மூடிக்கொண்டே வர, ஸ்டூடியோவில் டெலிவிஷன் தொடர்கள் எடுக்க ஆரம்பித்த சமயம். ஒரு குடும்பக் கதையில் பிள்ளைகளின் அம்மா ஏற்கனவே செத்துப்போனவள். வீட்டில் செத்தவர்களைக் கும்பிடுகிற மாடத்தில் வைக்க அவளுடைய போட்டோ ஒன்று வேண்டும். நாற்பதை ஒட்டிய, பார்த்தால் அம்மா என்று தோன்றுகிற முகம். கயோவைக் கூப்பிட்டார்கள்.

"ஷினோ அக்கா, வரைஞ்சு வுடு. என்னோட பழைய புருவம். ஞாபகம் இருக்கா?"

எனக்கு மறக்குமா? மூக்குப் பக்கம் அடர்த்தி, நடுவில் வளைவு, நுனியில் சரிவு. போட்டோதானே, மை பளபளக்காது. படம் பிடித்தவன், "யாராவது பிடிச்சவங்கள நெனச்சுக்கங்க" என்றான். அவள் காமிராவைப் பார்த்த பார்வை, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்த பார்வை.

அவள் வாழ்க்கையில் எடுத்த போட்டோக்களிலேயே அதுதான் நல்லது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, மூலையில் கறுப்பு நாடா கட்டினார்கள்.

உயிரோடு இருப்பவரைச் செத்தவராகக் காட்டினால் எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஷூட்டிங் முடிந்ததும் பிராப்பர்ட்டிக்காரர் தோளில் உப்புத் தூவி, ஒரு மிடறு சாக்கேச் சாராயம் கொடுப்பார். அந்தப் போட்டோவை மறுநாள் பின்கட்டில் வைத்து எரித்துவிடுவார். எரிக்காவிட்டால் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஜின்பாச்சி அண்ணன் உப்பைத் தூவிவிட்டுச் சட்டத்தைக் கழற்றப் போனபோது, கயோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எரிக்காதீங்கண்ணே."

"என்னம்மா, வழக்கம் தெரியாதா ஒனக்கு?"

"எங்கிட்ட நல்ல மூஞ்சி இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் எரிக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டுப் போகக் கூடாது. செத்த போட்டோ வீட்டுக்குள்ள நுழையக் கூடாது" என்றார் கடைசியில். "எங்கிட்டயே இருக்கட்டும்." சாமான் கிடங்கில் வாள்களுக்கும் குடைகளுக்கும் நடுவில் ஓர் அலமாரியில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். சாப்பாட்டு வேளையில் சில நாள் கயோ அங்கே போய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வருவாள்.

ஜின்பாச்சி அண்ணன் ஓய்வுபெற்றுப் போனார். புதிதாக வந்தவர்களுக்கு அது ஒரு சாமான். இறந்த பெண்மணி போட்டோ, ஒன்று. அடுத்த தொடரில் ஒரு போலீஸ்காரனின் மனைவியாக மாடத்தில் ஏறினாள். அதற்கடுத்ததில் மளிகைக்கடைக்காரனின் அக்கா. பிறகு மறுகல்யாணம் செய்துகொண்ட ஒருவனின் முதல் தாரம். உப்புத் தூவ ஆளில்லை, சொல்லியனுப்பவும் ஆளில்லை. என் வீட்டு டெலிவிஷனில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று ஊதுவத்திப் புகைக்குப் பின்னால் அவள் முகம் தெரியும்.

"இன்னைக்கும் செத்துட்டேன் அக்கா" என்பாள், முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டே. "உசுரோட நடிச்சதவிட செத்து நடிச்சதுதான் ஜாஸ்தி."

எனக்குச் சிரிப்பு வராது. அவள் சிரிப்பாள், ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். என்ன இருந்தாலும் முகம் திரை முழுக்க வருகிறதே.

ஒரு குளிர்கால மாலையில் என் வீட்டுக்குப் போன் வந்தது. கயோவின் அண்ணி யாசு.

"நோபு இருக்காளா? இல்லன்னா நீங்களே கேட்டுக்குங்க. மாமியாரு டிவி பாத்துட்டு இருந்தாங்க. மூக்கு டிவி கண்ணாடில இடிக்கற மாதிரி ஒக்காருவாங்க. திடீர்னு 'நோபு வந்துட்டா! எல்லாரும் வாங்க, நோபு வந்துட்டா!'ன்னு கத்தறாங்க. அக்கம்பக்கமெல்லாம் ஓடி வந்துருச்சு. பாத்தா நெஜமாவே நோபுதான், படகு அகலத்துக்கு! அத்தினி வருஷம் கழிச்சு அந்தப் புருவத்த வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. சந்தோஷத்துல அழுதாங்க. அப்புறந்தான் அந்தக் கறுப்பு நாடாவப் பாத்தாங்க. மணி அடிக்குது, ஒரு புள்ள 'அம்மா, நான் பரிச்சைல பாஸாயிட்டேன்'னு கும்புடுது. நோபு செத்துட்டான்னே நம்பிட்டாங்க."

"நாடகம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாமலா? அவரு தொண்ட கிழியக் கத்திப் பாத்துட்டாரு. 'எங்கிட்ட மறைச்சிட்டீங்க, அதான் அவ இத்தன வருஷமா வரல'ன்றாங்க. வராதன்னு சொன்னது இவருதானே. காலைல மொத சோத்த எடுத்து மாடத்துல வச்சு நோபுன்னு மணி அடிக்கறாங்க. அவங்க புத்தியும் கொஞ்ச நாளாச் சரியில்ல. அவள ஒடனே வரச் சொல்லுங்க."

அந்த வருஷம்தான் பெரிய அறையைக் கலைத்தார்கள். கிடங்குச் சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கயோ போய் அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

"வேண்டாண்டி. ஜின்பாச்சி அண்ணன் என்ன சொன்னாரு?"

"கையில ஆதாரம் வேணும் அக்கா. இதக் காட்டி, இது நான், இது நாடகம்னு சொன்னா புரிஞ்சிக்குவா. நீயும் வா. அங்க போயி புருவம் வரையணும்."

மியாஸு பஸ் நிலையத்துக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால், அந்தப் புருவத்தை மறுபடி வரைந்தேன். போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சாக. அவளுக்கும் முகம் மாறித்தான் போயிருந்தது. கன்னம் ஒட்டி, வாயோரம் கோடு விழுந்து. புருவம் மட்டும் பத்தொன்பது வயசு.

இனேயில் வீட்டுக்குக் கீழே அலை படகை முட்டிக்கொண்டிருந்தது. தமெகிச்சி வாசலில் நின்றான். முடியெல்லாம் நரைத்து, பாதியாகச் சுருங்கியிருந்தான். தங்கையைப் பார்த்ததும் அவள் பையை வாங்கிக்கொண்டான். இஸோ, அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய மேசைக்குள் காலை நீட்டி டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது அணைந்திருந்தது.

"அம்மா."

"யாரு?"

"நான்தாம்மா. நோபு."

இஸோ திரும்பினாள். "தமே, யாருடா இது? செத்தவ பேர வச்சு வெளாடாதம்மா. ஒனக்கு வேற வெளாட்டு கெடைக்கலியா?"

கயோ துணியை அவிழ்த்தாள். "இதப் பாரும்மா. டிவில பாத்தியே, இந்தப் போட்டோதான். நாடகத்துக்கு எடுத்தது. இதுல இருக்கறது நான். நல்லாப் பாரு. இந்தப் புருவத்தப் பாரு, எம் புருவத்தப் பாரு."

கிழவி போட்டோவை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கயோவின் முகத்தைப் பக்கத்தில் இழுத்தாள். போட்டோ, முகம், மறுபடி போட்டோ.

"ஒத்துத்தான் போவுது" என்றாள் இஸோ மெதுவாக. "எங்க வீட்டுக்காரரு புருவம்."

கயோவின் கண் நிறைந்துவிட்டது. "ஆமாம்மா. அப்பாவுது."

கிழவி கட்டைவிரலை அந்தப் புருவத்தின் மேல் வைத்து, குழந்தைக்குத் தடவுவதுபோல ஒரு தடவை இழுத்தாள். விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோனாள்.

"மை."

கிழவி விரலைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. "எம் பொண்ணு புருவம் கைல ஒட்டாதும்மா" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நேராகத் திரும்பி, நெற்றி பாயைத் தொடக் குனிந்தாள். "கம்பெனிக்காரங்களா நீங்க? இந்தக் குளிர்ல, அவ்ளோ தூரம். என் பொண்ணக் கொண்டாந்து சேத்தீங்களே. யாசு, டீ போடு." போட்டோவை மாடத்துக்குக் கொண்டுபோய், செத்த புருஷனின் பெயர் எழுதிய நினைவுப் பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, மணி அடித்தாள். தமெகிச்சி எழுந்து கீழே படகுக்குப் போய்விட்டான்.

நான் திரும்பிவந்தேன். கயோ வரவில்லை. கியோத்தோவில் அவளுக்கு இனி வேலையும் இல்லை, அறையும் இல்லை. பஸ் ஏற்றிவிட வந்தவள், பொழுது சாய்கிற நேரத்தில், பழக்கத்தில், "காலை வணக்கம் அக்கா" என்றாள். திருத்திக்கொள்ளவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தேன். இஸோவுக்குப் பார்வை இன்னும் மங்கியிருந்தது. கயோவைத் தன்னைப் பார்த்துக்கொள்ள மகன் வைத்த ஆள் என்று நினைத்திருந்தாள். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, மீனில் முள் எடுத்துக் கொடுப்பது எல்லாம் கயோதான். பிடிக்காத நாளில் "கூலிக்கு வந்தவ கை கல்லு மாதிரி இருக்கு" என்று திட்டும் வாங்குவாள்.

காலையில் சோறு ஆனதும் கிழவி முதல் கிண்ணத்தை மாடத்தில் வைத்தாள். ஒரு கருவாட்டுத் துண்டும் வைத்தாள். மணி அடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்திருக்கீங்களா எம் பொண்ண? டிவி முழுக்க வந்தா. இந்த ஊர்ல யாரு மூஞ்சியும் அவ்ளோ பெருசா வந்ததில்ல. ஊரே பாத்துச்சு. சிரிச்சவனெல்லாம் வாயப் பொத்திக்கிட்டான்."

"நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டது கயோ. அடுப்புப் பக்கமிருந்து, முதுகைக் காட்டியபடி.

"ஒனக்குத்தான் தெனம் சொல்றேனே. என்னையே பாத்தா. கூட்டத்துல என்னைய மட்டும் பாத்தா."

"அப்படியா?"

"அப்படித்தான். ஒனக்கு அதெல்லாம் எங்க புரியும். சரி, வா, ஆறிப்போச்சு."

மாடத்தில் வைத்ததை வீணாக்கக் கூடாது. எடுத்து வீட்டு ஆள்தான் சாப்பிடவேண்டும். மகனும் மருமகளும் அந்தக் கிண்ணத்தைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இஸோ அதைத் தடவி எடுத்துக் கயோவின் கையில் கொடுத்தாள். "இந்தா. நோபுவுது. சிந்தாம சாப்பிடு."

கயோ மாடத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. எதிரே சட்டத்துக்குள் அந்த முகம், புருவத்தோடு. கருவாட்டை எடுத்து முதலில் வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாகச் சோற்றுக்கு வந்தாள்.

இஸோ தலையைச் சாய்த்து அந்த மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளும் இப்படித்தான்" என்றாள். "மீன மொதல்ல தின்னுட்டு வெறுஞ்சோத்தத் திம்பா. எவ்ளோ அடிச்சாலும் மாத்திக்க மாட்டா."

கயோவின் முதுகு அப்படியே நின்றது. சாப்பிடும் குச்சி அந்தரத்தில். கிழவியின் கை பாயில் தடவிக்கொண்டே அவள் பக்கம் நகர்ந்தது. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்குக் கண்ணாடி கிடைத்தது அந்தக் கைக்கு. எடுத்து மாட்டிக்கொண்டு, குமிழைத் திருக டெலிவிஷன் பக்கம் நகர்ந்தாள்.

"பேசாம சாப்பிடு. எம் பொண்ணு வர்ற நேரம்."